எராஸ்மஸ் வித்தவுட் பேப்பரில் ஒரு பல்கலைக்கழகத்தை இணைப்பது: வந்ததை வந்தபடியே வைக்கவும்

ஐரோப்பிய ஒன்றியத்தின் மாணவர் பரிமாற்றத் திட்டமான எராஸ்மஸ் பிளஸில் ஒரு மாணவர் பெல்ஜியத்தின் கெண்ட்டிலிருந்து போலந்தின் வார்சாவுக்கு ஒரு செமஸ்டர் படிக்கப் போகிறார் என்றால், அவர் பெட்டி கட்டுமுன் இரண்டு ஆவணங்கள் முடிந்திருக்க வேண்டும். ஒன்று, இரு பல்கலைக்கழகங்களுக்கும் இடையிலான ஒப்பந்தம்: எந்தத் துறை, ஆண்டுக்கு எத்தனை பேர், மொத்தம் எத்தனை மாதம். இன்னொன்று, அந்த மாணவருக்கான கற்றல் ஒப்பந்தம்: அங்கே எந்தப் பாடங்கள் படிப்பார், திரும்பி வந்ததும் இங்கே அவை எந்தப் பாடங்களுக்கு ஈடாகும். காகிதத்தில் கையெழுத்தாகி, ஸ்கேன் ஆகி, மின்னஞ்சலில் அலைந்த இந்த வேலையைப் பல்கலைக்கழகக் கணினிகளே நேரடியாகப் பேசி முடிக்கட்டும் என்று 2015-இல் தொடங்கிய முயற்சிதான் எராஸ்மஸ் வித்தவுட் பேப்பர். சுருக்கமாக ஈடபிள்யூபி.

நடுவில் பெரிய தரவுக்கிடங்கு எதுவும் கிடையாது. ஒவ்வொரு பல்கலைக்கழகத்தின் தரவும் அதனதன் செர்வரிலேயே இருக்கும். நடுவில் இருப்பது ரெஜிஸ்ட்ரி மட்டும். யாருடைய செர்வர் எந்த முகவரியில் இருக்கிறது, அவர்கள் கையொப்பத்தைச் சரிபார்க்க உதவும் பொதுச் சாவி எது, எந்தெந்த ஏபிஐ-களை (வேறு கணினிகள் வந்து தகவல் கேட்கும் வாசல்களை) எந்தப் பதிப்பில் தருகிறார்கள் என்று சொல்லும் தொலைபேசிப் புத்தகம் போன்றது அது. மாணவர் பெயரோ மதிப்பெண்ணோ அதன் வழியே போவதில்லை.

சொந்தமாக மென்பொருள் எழுத ஆள் இல்லாத இடங்களுக்கு ஈடபிள்யூபி டேஷ்போர்டு என்ற ஆயத்த இணையதளம் இருக்கிறது; விலைக்குக் கிடைக்கும் மென்பொருள்களும் உண்டு. அரைநேரம் வேலை செய்யும் ஒரே ஒரு புரோகிராமர்தான் என்றால் அந்த வழியே நல்லது. எழுதி முடிப்பதோடு இந்த வேலை தீராது; பதிப்பு மாறும்போதெல்லாம் கூடவே ஓட வேண்டும். இந்தப் பதிவு, மாணவர் தகவல் அமைப்பைச் சொந்தமாக வைத்திருந்து அதையே வலையமைப்பில் இணைக்கப் போகிறவர்களுக்கு.

முதலிலேயே ஒன்றைச் சொல்லிவிடுகிறோம். இந்த இணைப்பில் ஆளை அலைக்கழிக்கும் பிழைகளின் வேர் ஒன்றுதான்: வெளியிலிருந்து வந்த எழுத்துகளை நம் மென்பொருள் "சரிசெய்து" வைத்துவிடுகிறது. இடைவெளியைச் சுருக்குகிறது, வரிசையை மாற்றுகிறது, மறுபடி எழுதுகிறது. கீழே நாலு இடத்தில் இதே பிழை நாலு வேடத்தில் வரும்.

தொடங்குமுன் கையில் இருக்க வேண்டியவை

பல்கலைக்கழகத்தின் அடையாளம் மூன்று விதமாக வேண்டும். வலையமைப்புக்குள் பயன்படும் முதன்மை அடையாளம் ஷாக் குறி, வார்சா பல்கலைக்கழகத்துக்கு "யூடபிள்யூ.ஈடியூ.பிஎல்" என்பதுபோல இணைய டொமைன் வடிவில் இருக்கும். அதோடு பிஐசி எனப்படும் ஒன்பது இலக்கப் பங்கேற்பாளர் எண், எராஸ்மஸ் குறி.

இந்த எராஸ்மஸ் குறியில்தான் முதல் வேடம். குறியின் முதல் மூன்று இடங்கள் நாட்டுக்கு ஒதுக்கப்பட்டவை. போலந்துக்கு "பிஎல்" என்று இரண்டு எழுத்து, பிறகு ஓர் இடைவெளி. பெல்ஜியத்துக்கு "பி", ஜெர்மனிக்கு "டி" என்று ஒற்றை எழுத்துதான். ஆகவே பின்னால் இரண்டு இடைவெளி வர வேண்டும். பிறகு நகரின் சுருக்கம், கடைசியில் இரண்டு இலக்கம். வலைப்பக்கத்தில் இந்தக் குறியைக் காட்டும்போது பிரவுசர் இரண்டு இடைவெளியை ஒன்றாகச் சுருக்கிக் காட்டும். அலுவலர் அங்கிருந்து நகலெடுத்து எக்ஸெல் தாளில் ஒட்டுவார். அந்தத் தாள் தரவுத்தளத்துக்குள் ஏறும். கண்ணுக்கு இரண்டும் ஒன்றாகவே தெரியும், ஒப்பிட்டால் பொருந்தாது. பிரெஞ்சு, ஸ்பானியப் பல்கலைக்கழகங்களுக்கும் ஒற்றை எழுத்துதான் என்பதால் இது அரிதான சிக்கல் இல்லை. தீர்வு: எராஸ்மஸ் குறியைக் கையால் உள்ளிட விடாதீர்கள். ரெஜிஸ்ட்ரி பட்டியலிலிருந்து எடுத்து, ஷாக் குறியோடு இணைத்து வையுங்கள். உள்ளே எங்கும் ஷாக் குறியையே சாவியாகப் பயன்படுத்துங்கள். எராஸ்மஸ் குறி திரையில் காட்டுவதற்கு மட்டும்.

இவை தவிர வேண்டியவை: இணைப்பை மறையாக்கும் முறையான டிஎல்எஸ் சான்றிதழ் உள்ள செர்வர், நேரத்தைத் தானே சரிசெய்துகொள்ளும் என்டிபி, எக்ஸ்எம்எல் கோப்பு ஸ்கீமா என்ற விதிப்பட்டியலுக்கு ஒத்துப்போகிறதா என்று சோதிக்கும் கருவி, எக்ஸ்எம்எல்-ஐ வேறு வடிவத்துக்கு மாற்றும் எக்ஸ்எஸ்எல்டி இயக்கி, பின்னணி வேலைகளுக்கு ஒரு வரிசை. கடைசியில் சொன்னதைப் பலர் "அப்புறம் பார்த்துக்கலாம்" என்று விட்டுவிடுகிறார்கள். விடாதீர்கள், காரணம் பின்னால் வருகிறது.

சாவியும் மேனிஃபெஸ்டும்

ஆர்எஸ்ஏ சாவி ஜோடி உருவாக்குங்கள்: கையொப்பமிட ஒரு ரகசியச் சாவி, அதைச் சரிபார்க்க ஒரு பொதுச் சாவி. 2048 பிட் குறைந்தபட்சம். கோரிக்கை அனுப்ப ஒன்று, பதில்களில் கையொப்பமிட ஒன்று என்று இரண்டாகப் பிரித்து வைப்பது நல்லது. ஒன்று கசிந்தால் மற்றது தப்பும். சோதனைத் தளத்துக்கும் உண்மைத் தளத்துக்கும் ஒரே சாவி கூடவே கூடாது.

ஒவ்வொரு சாவிக்கும் ஒரு கைரேகை உண்டு: பொதுச் சாவியின் ஷா-256 ஹாஷ் (உள்ளடக்கத்தில் ஓர் எழுத்து மாறினாலும் மாறிவிடும் சுருக்க எண்), பதினாறடிமான எண்ணாக, 64 எழுத்து. இதை எதன்மேல் போடுகிறோம் என்பதில் கவனம் வேண்டும். சாவிக் கோப்பைத் திறந்தால் தெரியும், எழுத்து வடிவிலான பெம் உரையின்மேல் போட்டால் தவறு. அந்த உரையை அதன் பேஸ்64 எழுத்து வடிவிலிருந்து அவிழ்த்தால் வரும் டெர் எனும் மூலப் பைட்டுகளின்மேல் போட வேண்டும். இன்னொரு நுணுக்கம்: சில கருவிகள் கோப்பின் தலைவரியில் "ஆர்எஸ்ஏ பப்ளிக் கீ" என்றும், சில வெறும் "பப்ளிக் கீ" என்றும் எழுதும். சாவி ஒன்றுதான், பைட் அமைப்பு வேறு, ஆகவே கைரேகையும் வேறு. இரண்டாவது வடிவம்தான் இங்கே வேண்டியது. நீங்கள் கணக்கிட்ட கைரேகையும் ரெஜிஸ்ட்ரியின் பட்டியலில் உங்கள் பெயருக்கு நேராக இருக்கும் கைரேகையும் எழுத்துக்கு எழுத்து ஒன்றா என்று பார்த்துவிட்டு மேலே போங்கள்.

மேனிஃபெஸ்ட் என்பது உங்கள் செர்வரிலேயே இருக்கும் ஓர் எக்ஸ்எம்எல் கோப்பு. அதில் நிர்வாகியின் மின்னஞ்சல், எந்தப் பல்கலைக்கழகங்களுக்காகப் பேசுகிறீர்கள், எந்த ஏபிஐ எந்த முகவரியில், எந்தப் பதிப்பில், உங்கள் பொதுச் சாவிகள் எல்லாம் இருக்கும். இந்தக் கோப்பின் முகவரியை ரெஜிஸ்ட்ரி நிர்வாகிகளிடம் ஒருமுறை கொடுத்தால் போதும். சில நிமிடங்களுக்கு ஒருமுறை ரெஜிஸ்ட்ரியே வந்து படித்துக்கொள்ளும். எல்லோருடைய மேனிஃபெஸ்டையும் சேர்த்துப் பொதுப் பட்டியலாக வெளியிடும். ஸ்கீமாவுக்கு ஒவ்வாத ஏதாவது இருந்தால் உங்கள் புதிய கோப்பை ஏற்காது, பழையதே நீடிக்கும். "மாற்றிவிட்டோமே, ஏன் இன்னும் பழைய முகவரிக்கே கோரிக்கை வருகிறது" என்று தேடுமுன் ரெஜிஸ்ட்ரியின் நிலைப் பக்கத்தைப் பாருங்கள்.

நிர்வாகியின் மின்னஞ்சலாக ஒரு தனி ஆளின் முகவரியைப் போடாதீர்கள். அவர் வேலை மாறிய மறுநாள் எச்சரிக்கை மடல்கள் யாருமில்லாத பெட்டிக்குப் போகும்.

பொதுப் பட்டியலை உங்கள் பக்கம் சேமித்து வைத்து, சில நிமிடங்களுக்கு ஒருமுறை புதுப்பியுங்கள். ஒவ்வொரு கோரிக்கைக்கும் இறக்காதீர்கள். பெரிய கோப்பு அது. ரெஜிஸ்ட்ரி சற்று நேரம் பதில் சொல்லாவிட்டால் கடைசியாகக் கிடைத்த நகலை வைத்துத் தொடர வேண்டும்.

கையொப்பம்: நேரம் அதிகம் போகும் இடம்

ஒவ்வொரு கோரிக்கையும் எச்டிடிபி கையொப்பத்தோடு போக வேண்டும். கையொப்பமிட வேண்டிய உரையை ஒரு தாளில் வரி வரியாக எழுதிப் பார்ப்பது நல்லது. முதல் வரி கோரிக்கை இலக்கு: "போஸ்ட்" என்ற சொல் சின்ன எழுத்தில், ஓர் இடைவெளி, பிறகு பாதை, கேள்விக்குறிக்குப் பின்னால் ஏதாவது இருந்தால் அதுவும் சேர்த்து. இரண்டாவது வரி ஹோஸ்ட். மூன்றாவது தேதி. நாலாவது டைஜெஸ்ட், அதாவது உடலின் ஷா-256 ஹாஷ் பேஸ்64 வடிவில். ஐந்தாவது கோரிக்கை அடையாளம், ஒரு யூயூஐடி, அதாவது ஒவ்வொரு கோரிக்கைக்கும் புதிதாக உருவாக்கும் தனி எண். ஹெடர் பெயர்கள் எல்லாம் சின்ன எழுத்து. வரிகளுக்கு இடையே ஒரே ஒரு புதுவரிக் குறி. கடைசி வரிக்குப் பிறகு எதுவும் கூடாது. அந்தக் கடைசிப் புதுவரி ஒன்று தவறிச் சேர்ந்தாலும் கையொப்பம் செல்லாது.

தகவல் கேட்டு மட்டும் வாங்கும் கெட் கோரிக்கையில் உடல் இல்லையே என்று டைஜெஸ்டை விடக் கூடாது. வெற்று உடலுக்கும் ஹாஷ் உண்டு, அதைப் போட வேண்டும்.

உங்கள் செர்வருக்கு வரும் கோரிக்கைகளைச் சோதிப்பதில் இரண்டாம் வேடம் வருகிறது. ஜாவா சர்வ்லெட் சூழலில், படிவமாக வந்த போஸ்ட் கோரிக்கையின் அளவுருக்களை கோரிக்கையை இடைமறித்துப் பார்க்கும் ஒரு ஃபில்டர் எங்காவது முன்கூட்டியே கேட்டுவிட்டால் உடல் ஓடை அப்போதே தீர்ந்துவிடும். பிறகு டைஜெஸ்ட் சோதிக்கும்போது கையில் கிடைப்பது வெற்று உடல். அளவுருக்களை வைத்து உடலை மறுபடி கட்டிப் பார்க்கும் முயற்சியும் பலிக்காது. அனுப்பியவர் இடைவெளியைக் கூட்டல் குறியாக எழுதினாரா, சதவீதக் குறியோடு எழுதினாரா என்று நமக்குத் தெரியாது. ஆகவே எல்லா ஃபில்டர்களுக்கும் முன்னால் உங்கள் ஃபில்டர் நிற்க வேண்டும்: வந்த பைட்டுகளை முழுதாக வாசித்து நினைவில் வைத்து, சோதித்து, பிறகு மற்றவர்களுக்கு அதிலிருந்து ஊட்ட வேண்டும்.

உங்கள் செர்வருக்கு முன்னால் நின்று கோரிக்கைகளை உள்ளே கடத்தும் ரிவர்ஸ் பிராக்சி இருந்தால் மூன்று இடங்களைப் பாருங்கள். பிராக்சி ஹோஸ்ட் ஹெடரை உள்பெயராக மாற்றினால் கையொப்பம் உடையும். வெளியே இருந்த பெயரையே உள்ளே கடத்தச் சொல்லுங்கள். பாதையின் முன்பகுதியை வெட்டினால் கோரிக்கை இலக்கு பொருந்தாது. பதில் போகும்போது பிராக்சி அதை ஜிசிப் முறையில் சுருக்கினால், நீங்கள் டைஜெஸ்ட் கணக்கிட்ட பைட் வேறு, வெளியே போகும் பைட் வேறு. ஈடபிள்யூபி பாதைகளுக்கு மட்டுமாவது அந்தச் சுருக்கத்தை நிறுத்திவிடுங்கள். தேதி ஹெடரைப் பிராக்சி மாற்றும் இடங்களுக்காகவே ஒரிஜினல்-டேட் என்ற தனி ஹெடர் இருக்கிறது, அதைப் பயன்படுத்துங்கள்.

பிழை எண்ணே பாதி விடை சொல்லும். 401 வந்தால் எதிர்த்தரப்பு உங்கள் கையொப்பத்தையே பார்க்கவில்லை. வழியில் ஏதோ ஒன்று ஹெடரைத் தின்றுவிட்டது. 403 என்றால் சாவியின் கைரேகையை அவர்களால் பட்டியலில் கண்டுபிடிக்க முடியவில்லை. 400 வந்தால் கடிகாரத்தைப் பாருங்கள்; ஐந்து நிமிடத்துக்கு மேல் விலகினால் ஏற்கமாட்டார்கள். பதிலின் உடலில் புரோகிராமருக்கான செய்தி ஒன்று இருக்கும், அதை லாக்கில் முழுதாக எழுதி வையுங்கள்.

இவ்வளவையும் எக்கோ ஏபிஐ-யில் முதலில் ஓட்டிப் பாருங்கள். அனுப்பியதைத் திருப்பிச் சொல்வதோடு, உங்களை எந்தப் பல்கலைக்கழகமாக அடையாளம் கண்டது என்பதையும் சொல்லும். சோதனை ரெஜிஸ்ட்ரியில் சரிபார்ப்புக் கருவி இருக்கிறது. வேண்டுமென்றே தவறான கையொப்பம், தவறிய கடிகாரம், குறைந்த ஹெடர் என்று அனுப்பி உங்கள் செர்வரைச் சோதிக்கும். எல்லாம் பச்சையாகும்வரை அடுத்த ஏபிஐ-யைத் தொடாதீர்கள்.

ஒப்பந்தம்: இரண்டு நகல், இரண்டு ஒப்புதல்

பல்கலைக்கழகங்களுக்கு இடையிலான ஒப்பந்த ஏபிஐ-தான் இந்த வலையமைப்பின் மிகக் கடினமான பகுதி. ஒப்பந்தம் ஒன்றுதான், ஆனால் ஒவ்வொரு தரப்பிடமும் அவரவர் நகல், அவரவர் எண். நீங்கள் தரும் பதிலில் முதல் கூட்டாளியாக நீங்கள் இருப்பீர்கள். அவர்கள் தரும் பதிலில் அவர்கள். எதிர்த்தரப்பின் எண்ணை உங்கள் நகலில் சேர்த்துப் பிணைக்க வேண்டும். பிணைக்காமல் இருவரும் தனித்தனியே வரைவு தொடங்கினால் ஒரே உடன்பாட்டுக்கு நாலு நகல் திரியும். எனவே புதிதாக வரும் நகலைக் காட்டும் திரையில், "ஏற்கெனவே உள்ள நம் வரைவோடு சேர்" என்ற பொத்தானை முதலில் வையுங்கள். "புதிதாகத் தொடங்கு" அதற்கு அடுத்தபடி.

ஒப்புதல் நடப்பது இப்படி. அவர்கள் நகலை நீங்கள் எடுத்துப் படிக்கிறீர்கள். அலுவலர் சரி என்றதும், அந்த நகலின் ஹாஷை உங்கள் ஒப்புதல் ஏபிஐ-யில் வெளியிடுகிறீர்கள். அவர்கள் வந்து அந்த ஹாஷைத் தங்கள் இப்போதைய நகலின் ஹாஷோடு ஒப்பிடுகிறார்கள். பொருந்தினால் ஒப்புதல் செல்லும். உங்கள் நகலுக்கும் இதே சடங்கு மறுதிசையில். இரண்டும் முடிந்தால்தான் ஒப்பந்தம் நடைமுறைக்கு வரும்.

மூன்றாம் வேடம் இங்கே. 7-ஆம் பதிப்பில் ஹாஷ் போட வேண்டிய உரையை ஒரு பொது எக்ஸ்எஸ்எல்டி கோப்பு தருகிறது. அதை எதிர்த்தரப்பிலிருந்து வந்த எக்ஸ்எம்எல்-இன்மேல் நேராக ஓட்ட வேண்டும். வந்ததைப் பிரித்துத் தரவுத்தளக் கட்டங்களில் போட்டு, பிறகு அதிலிருந்து எக்ஸ்எம்எல்-ஐ மறுபடி உருவாக்கி ஹாஷ் போட்டால், நிபந்தனைகளின் வரிசை மாறியிருக்கும், "10.00" என்பது "10" ஆகியிருக்கும், உங்கள் அமைப்புக்குத் தெரியாத ஒரு கட்டம் காணாமல் போயிருக்கும். ஹாஷ் பொருந்தாது. தரவுத்தளக் கட்டங்கள் தேடவும் காட்டவும் இருக்கட்டும். பக்கத்திலேயே வந்த எக்ஸ்எம்எல்-ஐ முழுதாக, பைட் வடிவில், வந்த நேரத்தோடு வையுங்கள். ஒப்புதல் அளித்த நகலை ஒருபோதும் அழிக்காதீர்கள். எதிர்த்தரப்பு பின்னாளில் ஏதாவது மாற்றினால், எது ஒப்புக்கொள்ளப்பட்டது என்று காட்ட உங்களிடம் இருக்கும் ஒரே ஆதாரம் அதுதான்.

தொடர்பாளரின் பெயரும் தொலைபேசியும் ஹாஷில் சேராது. ஒருங்கிணைப்பாளர் மாறினார் என்பதற்காக ஒப்புதல் கலையக் கூடாது என்பதால் அப்படி வைத்திருக்கிறார்கள். நல்ல முடிவு.

அலுவலர்கள் தவறும் இடம் மாதக் கணக்கு. கட்டத்தில் வேண்டியது எல்லா மாணவர்களுக்கும் சேர்த்த மொத்த மாதம். இரண்டு மாணவர், ஆளுக்கு ஐந்து மாதம் என்றால் 10. பலர் 5 என்று போடுவார்கள். ஸ்கீமா அதை மறுக்காது. ஆள் எண்ணால் வகுத்து "ஆளுக்கு 2.5 மாதம்" என்று உள்ளிடும் இடத்திலேயே காட்டிவிட்டால் அவர்களே திருத்திக்கொள்வார்கள்.

கற்றல் ஒப்பந்தம்

இதில் நகல் ஒன்றுதான். மூலம் அனுப்பும் பல்கலைக்கழகத்திடம். மாணவரும் அனுப்பும் தரப்பும் கையெழுத்திட்ட பிறகே ஏற்கும் தரப்புக்குக் காட்ட வேண்டும். ஏற்கும் தரப்பு அப்டேட் என்ற கோரிக்கை வழியே ஒப்புக்கொள்ளலாம், அல்லது காரணம் எழுதித் திருப்பலாம். முதல் பதிப்பு மூவராலும் ஒப்புக்கொள்ளப்பட்டதும் உறைந்துவிடும். அதன் பிறகு எல்லாம் மாற்ற முன்மொழிவுதான்.

ஒவ்வொரு முன்மொழிவுக்கும் ஓர் எண் உண்டு. ஏற்கும் தரப்பின் அலுவலர் திரையைத் திறந்து வைத்துவிட்டு மதிய உணவுக்குப் போகிறார். அதற்குள் மாணவர் ஒரு பாடத்தை மாற்றுகிறார். அலுவலர் வந்து பழைய திரையில் ஒப்புதல் அழுத்துகிறார். எண் பொருந்தாததால் 409 என்ற பிழை எண் போகும். அந்த இடத்தில் "பிழை" என்று மட்டும் காட்டாமல், புதியதை எடுத்து வந்து எந்தப் பாடம் மாறியது என்று காட்டுங்கள். தானாகவே மறுபடி ஒப்புதல் அனுப்பும் நிரலை மட்டும் எழுதவே எழுதாதீர்கள். பார்க்காத பாடப்பட்டியலில் ஒரு மனிதரின் கையெழுத்து விழும். அதன் விலையைக் கொடுப்பவர், திரும்பி வந்து கிரெடிட் கிடைக்காமல் நிற்கும் மாணவர்.

கிரெடிட் எண்ணில் நாலாம் வேடம். ஜெர்மன், போலிஷ் அமைப்புள்ள கணினியில் ஏழரை என்பது காற்புள்ளியோடு "7,5" என்று வெளிவரும். எக்ஸ்எம்எல்-இல் புள்ளிதான் வேண்டும். எழுதுபவரின் கணினியில் ஓடியது செர்வரில் ஓடாததற்கு அடிக்கடி இதுதான் காரணம். எண்ணை உரையாக்கும்போது மொழி அமைப்பை வெளிப்படையாகச் சொல்லிவிடுங்கள். கல்வியாண்டு "2024/2025" என்ற வடிவில் வேண்டும். ஆண்டு சனவரியில் தொடங்கி டிசம்பரில் முடியும் நாடுகளுக்கு "2024/2024".

மதிப்பெண் பட்டியல் திரும்பி வருவது எல்மோ வடிவத்தில். மதிப்பெண் பட்டியல்களைப் பரிமாறும் இன்னொரு வலையமைப்பான எம்ரெக்ஸும் அதே வடிவத்தைத்தான் பயன்படுத்துகிறது. அதைக் கடைசியாக எடுத்துக்கொள்ளலாம்.

மாற்ற அறிவிப்புகள்

ஏதாவது மாறினால் எதிர்த்தரப்புக்கு அறிவிப்பு போகும். அதில் என்ன மாறியது என்று இருக்காது, எண் மட்டும் இருக்கும். பெற்றவர் மூலத்திடம் போய்ப் புதியதை எடுத்துக்கொள்ள வேண்டும். அறிவிப்பு வந்தவுடன் வரிசையில் போட்டு உடனே 200, அதாவது "கிடைத்தது" என்று சொல்லிவிடுங்கள். அதே இணைப்பில் நின்று எதிர்த்தரப்பிடம் எடுக்கப் போனால், அவர்களும் அப்படியே எழுதியிருக்கும் நாளில் இரண்டு செர்வர்களும் ஒன்றையொன்று எதிர்பார்த்து நேரம் தீர்ந்து நிற்கும். பின்னணி வரிசை முதல் நாளிலேயே வேண்டும் என்றது இதனால்தான்.

இன்னொரு ஆபத்து: அவர்கள் நகலை எடுத்ததும் உங்கள் நகலைத் தானாகத் திருத்தி அறிவிப்பு அனுப்பினால், அவர்களும் அதையே செய்தால், இரவெல்லாம் பந்து மாறி மாறிப் போகும். விதி எளிது: உங்கள் நகலின் ஹாஷ் உண்மையிலேயே மாறியிருந்தால் மட்டும் அறிவிப்பு.

அறிவிப்புகள் தொலையும். போகாததை இடைவெளியைக் கூட்டிக்கொண்டே மறுபடி அனுப்புங்கள்: ஒரு நிமிடம், ஐந்து, அரைமணி, சில மணி நேரம். அதோடு இரவில் ஒருமுறை ஒவ்வொரு கூட்டாளியின் பட்டியலையும் கேட்டு விட்டுப்போனதைப் பிடியுங்கள். கெட் கோரிக்கையில் ஒரே தடவையில் எத்தனை எண் கேட்கலாம் என்பதை ஒவ்வொருவரும் மேனிஃபெஸ்டில் சொல்லியிருப்பார்கள். அதைப் படித்துத் துண்டாக்குங்கள். உங்களுக்குத் தெரியாத எண் யாராவது கேட்டால் பிழை தராமல் விட்டுவிடுங்கள். கேட்பவர் அந்த ஒப்பந்தத்தில் கூட்டாளி இல்லையென்றாலும் அதே வெற்றுப் பதில்தான். அப்படி ஒன்று இருக்கிறது என்பதே அவருக்குத் தெரியக் கூடாது.

சாவி மாற்றும்போது

புதிய சாவியை மேனிஃபெஸ்டில் பழையதோடு கூடவே சேருங்கள். ரெஜிஸ்ட்ரி பட்டியலில் வந்துவிட்டதா பாருங்கள். எல்லோரும் பட்டியலைப் புதுப்பித்திருக்க ஒரு நாள் விடுங்கள். எல்லோரும் ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை புதுப்பிப்பார்கள் என்று நம்பாதீர்கள். பிறகு புதியதால் கையொப்பமிடத் தொடங்குங்கள். 403 எங்கிருந்தாவது வந்தால் அந்தக் கூட்டாளியின் நிர்வாகிக்கு எழுதிவிட்டு, அவர்களுக்கு மட்டும் பழைய சாவியோடு தொடருங்கள். லாக்கில் ஒரு வாரம் பழைய கைரேகை எங்குமே தென்படாத பிறகு, அதை மேனிஃபெஸ்டிலிருந்து எடுங்கள்.